அக்காவின் குரலுக்கு மெமரி போதவில்லை

ஊட்டியை ஒட்டிய காந்தலில் நான் தனியாகக் குடியிருந்த ஒற்றை அறையில் என்னோடு மல்லுக்கு நிற்க ஒரு கம்ப்யூட்டர் மட்டும்தான் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அதில் அடித்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் திரையில் மணல் கடிகாரம் வந்து நிற்கும். எழுந்துபோய் டீ போட்டுக் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் நின்றுகொண்டேயிருக்கும். உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்கும். கோபத்தில் பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டுவேன். ரேடியோவைத் தட்டித் தட்டியே பாடவைத்த குடும்பம் எங்களுடையது. அந்தப் பழக்கம் விடவில்லை.

வேலை தாமதமானால் திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். அக்கா விஷயம் அப்படியில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற கூலிகளின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர்கள் நாங்கள். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது நான் சிறுவன். அப்பா அம்மாவோடு கப்பலேறினேன். அக்காவுக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. அத்தான் குடும்பத்துக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்ததால் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். அதுவரை கண்ணால்கூடப் பார்த்திராத நாட்டில் வந்து இறங்கிய எங்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் யாரென்று தெரிந்தால் இன்றைக்கும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவும் அப்பாவும் அங்கேயே மண்ணானார்கள். எனக்கென்று மிஞ்சியது அக்கா மட்டும்.

இன்டர்நெட்டில் குரல் கேட்டுப் பேசலாம் என்று ஆனபிறகு, ஞாயிறு மதியம் அக்கா பஸ் பிடித்து டவுனுக்கு வருவாள். கொமினிகேஷன் என்று அங்கே சொல்கிற போன், இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து கூப்பிடுவாள். இங்கே நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருப்பேன்.

“தம்பி, கேக்குதா?”

“கேக்குதுக்கா. ஒனக்கு?”

“வெட்டி வெட்டி வருது.”

பாதி வார்த்தையில் அவள் குரல் நின்றுபோகும். பிறகு நாலைந்து வார்த்தைகள் ஒன்றாக வந்து விழும். மறுபடியும் ‘கேக்குதா’ என்போம். அதற்குள் அவளுக்குப் பஸ் நேரம் வந்துவிடும். பேசவேண்டியது மலையாகக் கிடக்கிறது, இந்தச் சனியன் விடமாட்டேன் என்கிறதே என்று எனக்கு அழுகையே வரும். வாரம் முழுக்க அதைத் திட்டிக்கொண்டே பத்திரிகை அடிப்பேன்.

கடைசியில் ஊட்டி மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரைக் கூட்டிவந்தேன். இன்டர்நெட் லைன்தான் மோசம் என்று அடித்துச் சொன்னேன். அவர் பெட்டியின் முகப்பில் அணையாமல் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைக் காட்டினார்.

“லைன் மேல பழி போடாதீங்க. இதுக்கு மெமரி பத்தலைங்க. இத்தன புரோகிராமத் தொறந்து வெச்சிருக்கீங்க, ஊர்ல இருக்கற ஃபான்ட்டையெல்லாம் ஏத்தி வெச்சிருக்கீங்க. எடமில்லாம, நீங்க கொஞ்ச நேரம் தொடாததத் தூக்கி ஹார்ட் டிஸ்க்குல போட்டுருது. வேணும்னா மறுபடி அங்கிருந்து எடுத்துட்டு வரணுமுங்க. போடறதுக்கும் எடுக்கறதுக்குமே அதுக்கு நேரஞ் சரியாப் போயிருது. அப்பறம் எங்கீங்க உங்களப் பேச உடறது?”

எனக்குப் புரிந்துவிட்டது. அடுப்பு மேடையில் இடமில்லையென்று கடுகு டப்பாவைப் பரணில் வைத்துவிட்டு, தாளிக்கிறபோதெல்லாம் ஏணி ஏறுகிற சமையல். இறங்கி வருவதற்குள் எண்ணெய் கருகிவிடும்.

அவர் புதிதாக ஒரு மெமரி அட்டையைச் செருகினார். நான் வேண்டாமென்ற ஃபான்ட்டுகளை நீக்கினார். கரகரப்பு நின்றது. சொடுக்கிய மறுகணம் எல்லாம் திறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா கடைசியில் அக்காவைத்தான் தேடினாள் என்று சொல்லவேண்டும், ஏன் இத்தனை வருஷம் ஒரு தடவைகூட வரவில்லை என்று சண்டை போடவேண்டும் என்று ஞாயிறுவரை மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி! பக்கத்துல இருந்து பேசுற மாதிரி இருக்கே!”

“ஆமாக்கா. புதுசா மெமரி போட்டேன்.”

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். அத்தான் நல்லா இருக்காரா?”

“இருக்காரு. அங்க மழையா?”

“மழைதான். அங்க?”

“இங்கயும்தான்.”

துண்டு துண்டாக வந்தவரை, என்னை இடுப்பில் சுமந்த அக்காவின் குரலாகவே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது முழுசாகக் கேட்டது வேறு யாரோ ஒரு வயதான அம்மாளின் குரல். களைத்த குரல், மரியாதையான குரல். அடுத்து என்ன கேட்பது என்று அவளும் தேடிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விடுவதுகூடச் சுத்தமாகக் கேட்டது. கொஞ்சம் சிக்கித் தொலையேன் என்று கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அது சிக்கவில்லை.

“வேற என்ன, தம்பி?” என்றாள்.

“வேற ஒண்ணும் இல்லக்கா,” என்றேன்.