அரிசி டின்னுக்குள் குழந்தை இயேசு

செவலை காணாமல் போன அன்று மாலையே நான் அந்தோனியார் கையிலிருந்த குழந்தை இயேசுவை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துவிட்டேன்.

இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு, பதறுகிறவர்கள் உண்டு. இரண்டு பேருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

எங்கள் வீடு குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் நடுவில், தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருந்தது. அப்பாவுக்கு ராணுவ முகாமில் சிவிலியன் வேலை. முன்னறை மாடத்தில் முழங்கை உயரத்துக்கு ஒரு பிளாஸ்டர் அந்தோனியார். அவர் கையில் இருக்கும் குழந்தை சின்னக் கம்பியொன்றில் செருகியிருக்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும். தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருகிறவர் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர் அவர். அதனால் எங்கள் வீட்டில் ஏதாவது தொலைந்தால் அவர் கைக்குழந்தையை எடுத்து ஒளித்து வைப்போம். சாவிக்கொத்து, அம்மாவின் மூக்குத்தித் திருகு, ஒருமுறை அப்பாவின் பல்செட். கிடைத்ததும் குழந்தை திரும்பிப் போகும். அதற்கும் அவர் அசையாவிட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும் என்பது அடுத்த கட்டம். அந்தக் கட்டம் வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை.

எல்லாக் கத்தோலிக்க வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். பங்குச் சாமியார் பார்த்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார்.

செவலை எங்கள் மாடு. சினையாக இருந்தது. அது கன்று போட்டதும் பாலை விற்று என்னைக் கோயம்புத்தூருக்கு மேல்படிப்புக்கு அனுப்புவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். பி.ஏ. முடித்த கையோடு, எந்தக் காலேஜ், எந்த ஹாஸ்டல், எந்த பஸ் என்று நான் மனசுக்குள் அந்த ஊரிலேயே குடியேறியிருந்தேன். மேய்ச்சலுக்குப் போன மாடு திரும்பவில்லை. சோலைக்காட்டுப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் இருந்த நேரம் அது.

அன்று மாலை மாடத்தை நோக்கி நான் கையை நீட்டியபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எடுக்கறதுன்னா மரியாதையா எடு. கழுத்தைப் புடிச்சுத் தூக்காதே, கொழந்தை அது."

எங்கள் வீட்டுப் பக்கவாட்டு அறையில் ஒரு டீச்சர் குடியிருந்தார். கீழே தெற்குச் சீமையிலிருந்து வேலைக்கு வந்தவர். வேதாகமத்தைத் தவிர வேறெதையும் ஏற்காத ஜெபக்குழு ஒன்றைச் சேர்ந்தவர். அவர் தரும் புத்தகங்களுக்காக எனக்கு அவரைப் பிடிக்கும்; சண்டைக்கு நல்ல ஆள் என்பதால் இன்னும் பிடிக்கும். அன்று குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தவர் மாடத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏ பிள்ள, பிள்ளைய எங்க?"

"அரிசி டின்ல இருக்குதுங்க டீச்சர். செவலை வந்தாத்தான் வெளியில வரும்."

"சிலையைக் கும்பிடுறதே தப்புன்னு நான் சொல்லிட்டிருக்கேன். நீ சிலையையே பிளாக்மெயில் பண்ணுறியா?"

"கடவுள்னு நெனச்சா அவரு கைக்கொழந்தை மேல கை வைப்பமாங்க? யோசிச்சுப் பாருங்க. தைரியம் வருமா?"

"அப்ப எதுக்கு அது முன்னால முழங்கால் போடுற?"

"ஜெபக்குழுவுல 'எனக்காக வேண்டிக்கோங்க'ன்னு நீங்க மத்தவங்ககிட்டக் கேக்கறீங்கல்ல? நாங்களும் அதேதான் கேக்கறோம். 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'. அவ்வளவுதான் எங்க மன்றாட்டு."

"அவங்க உயிரோட இருக்காங்க."

"இவரு செத்துட்டாருன்னு யாருங்க சொன்னது?"

டீச்சர் குடையை மூலையில் சாய்த்து வைத்தார். உயிர்த்தெழுதலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர் அவர்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். எஸ்டேட்டில் இலை எடுக்கிறவர். அவர் வீட்டுத் தெய்வம் மாரியம்மன். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் உப்பும் மிளகும். அந்தோனியார் திருவிழாவில் எங்கள் ஆட்கள் காணிக்கையாகக் கொட்டுவதைப் பார்த்து வைத்திருக்கிறார்.

"ஏங்கண்ணு, இதை உங்க அந்தோணி சாமிக்குப் போட்டுரு. மாடு வந்துரும்."

"அக்கா, அவரு சாமி இல்லீங்க. சாமிகிட்டச் சொல்றவரு."

"சரி கண்ணு, சொல்றவருக்கே போடு. ஆபீஸ்ல கிளார்க்கைப் பாக்காம பெரியவரைப் பாக்க முடியுமா?"

டீச்சர் கைகொட்டிச் சிரித்தார். "பாத்தியா? நான் சொன்னா கோவப்படுறியே!"

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. ஒருவர் சிலை என்கிறார், ஒருவர் குமாஸ்தா என்கிறார். "ரெண்டும் இல்லீங்க," என்றேன். "அவரு எங்க சொந்தக்காரரு. சொந்தக்காரர்கிட்டத்தான் இப்படிச் சண்டை போட முடியும்." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சரி என்று எனக்கே உறைத்தது. மறைக்கல்வி வகுப்பில் புனிதருக்குச் செய்யும் வணக்கம் வேறு, கடவுளுக்குச் செய்யும் ஆராதனை வேறு என்று ஒப்பிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். உண்மைதான். ஆனால் அந்தப் பாடம் எதிலும், ஒரு புனிதரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று எழுதியிருக்கவில்லை.

உப்பையும் மிளகையும் மாடத்தில் வைத்தேன். அன்போடு வந்ததைத் திருப்பி அனுப்ப எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் முழுக்கத் தேடினோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பனிமூட்டம் எழும்பி எழும்பி வந்தது. கொஞ்ச தூரத்தில் நடந்த அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. டீச்சரும் லீவு போட்டுவிட்டு வந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அட்டைக் கடியோடு அவர் சரிவில் இறங்கியதை நான் மறக்கமாட்டேன். வாய்க்குள் ஜெபம் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் மாட்டுக்காகத்தான்.

அதற்கடுத்த நாள் காலையில் அப்பா கண்டுபிடித்தார். ஓடைக்கு மேலே மண் சரிந்திருந்த இடம். செவலை கீழே கிடந்தது. சிறுத்தை இல்லை, கால் தவறி விழுந்திருக்கிறது. வயிற்றில் கன்றும் போயிற்று.

வீட்டுக்குத் திரும்பினோம். அந்த வருஷம் கோயம்புத்தூர் இல்லை என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் என் கையைப் பிடித்திருந்தார். பிறகு மெதுவாக, குத்திக்காட்டாமல்தான், கேட்டார்.

"இப்ப என்ன செய்யப் போற பிள்ள? அவர் கேக்கலையே."

அவர் எதிர்பார்த்தது எனக்குத் தெரிந்தது. சிலையைத் தூக்கி வெளியே வைப்பேன் என்று நினைத்தார். வியாபாரம் என்றால் அப்படித்தான் முடிய வேண்டும். நான் எழுந்து போய் அரிசி டின்னுக்குள் கைவிட்டுத் துழாவினேன். குழந்தை அடியில் இறங்கியிருந்தது. ஒட்டியிருந்த தவிட்டைத் தாவணியால் துடைத்து, கம்பியில் செருகினேன்.

"மாடு வராமக் குடுக்கக் கூடாதுன்னுதானே ஒப்பந்தம்?"

"ஒப்பந்தம்னு நீங்கதான் டீச்சர் சொன்னீங்க."

அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது. ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் நான் இன்னும் முடிக்கவில்லை. குழந்தையோடு சேர்த்து அந்தோனியாரை இரண்டு கையாலும் பிடித்து, சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினேன்.

"அடிப்பாவி!" என்றாள் அம்மா. ஆனால் அவளும் திருப்பி வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது, அந்தோனியாரின் கிழமை. அம்மா வழக்கம்போல மெழுகுவர்த்தி ஏற்றினாள். அப்பாவும் நானும் முழங்காலில் நின்றோம். அந்தோனியாரின் முதுகைப் பார்த்துக்கொண்டே, ஒரு வரி விடாமல், மன்றாட்டைச் சொல்லி முடித்தோம்.