குழிக்குக் காவல் நின்ற என் சைக்கிள்

இன்னைக்குக் காலைல சைக்கிள்ல வேலைக்குப் போகும்போது, எர்ணாவூர் கிட்ட ரோட்டுல மழைத்தண்ணி தேங்கியிருந்தது. ஒரு இடத்துல மட்டும் சுழிச்சுக்கிட்டு உள்ளே போகுது. கிட்டப் போய்ப் பார்த்தா, பாதாளச் சாக்கடைக்கு மூடியே இல்லை.

அந்நேரம் ஒருத்தர் பைக்ல குழந்தையோட வேகமா வந்தார். சைக்கிளைக் குழிக்கு முன்னாடி குறுக்கே நிறுத்திட்டுக் கையை ஆட்டினேன். சடார்னு பிரேக் போட்டுத் திட்ட வாயைத் திறந்தவர், குழியைப் பார்த்ததும் குழந்தையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார்.

அப்புறம் சைக்கிளை எடுக்க மனசே வரலை. மாநகராட்சிக்குப் போன் பண்ணிட்டு அங்கேயே நின்னேன்.

மீன் கூடையோட வந்த ஒரு அக்கா, "இன்னாம்மா, நடு ரோட்டுல வண்டிய வுட்டுகினு நிக்கிற?"ன்னு சத்தம் போட்டாங்க.

குழியைக் காட்டினேன்.

"அய்ய! சரி, வண்டி இங்கயே இர்க்கட்டும். நீ வேலைக்குப் போ, நா பாத்துக்கிறேன்"னு சொல்லி, ஓரமா கூடையை இறக்கிட்டாங்க. நான் ஷேர் ஆட்டோ ஏறினேன்.

சாயங்காலம் வந்து பார்த்தா புது மூடி. சைக்கிள் ஓரமா நிக்குது. பக்கத்துலயே அக்கா, காலிக் கூடையோட.

"மத்தியானமே மூடிட்டாங்கம்மா. உன் வண்டிக்குப் பூட்டு இல்ல, வுட்டுட்டு எப்டிப் போறது?"

நான் காலிக் கூடையைப் பார்த்தேன்.

"இன்னா குழின்னு பாக்க நின்னவன்லாம் மீன் வாங்கினு போனான். இன்மே இங்கதான் கடை"ன்னு சிரிச்சாங்க.

எனக்குன்னு எடுத்து வெச்சிருந்த சங்கரா மீன் பையை ஹேண்டில்பார்ல மாட்டி விட்டாங்க.

குழம்பா, வறுவலா? நீங்களே சொல்லுங்க.