பத்து டிக்குக்கு ஆறு அடி

அன்வர் பாஷாவுக்கு அறிவு இருந்தது, சான்றிதழ்தான் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் இரண்டு முறை காலை வாரிவிட்டது. தர்மபுரியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். அடுத்த கடையில் நான் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

எண்பத்தேழில் முழங்கை நீளத்துக்கு ஒரு வண்டி செய்தான். ஒயரே கிடையாது. கையிலிருக்கும் பெட்டியில் பொத்தானை அழுத்தினால் போகும், திரும்பும். அதைவிடப் பெரிய விஷயம், வண்டியைப் பார்க்காமலே அது எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவான். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஒரு சிக்னல் அனுப்பும், அவனுடைய ரேடியோவில் ‘டிக்’ என்று கேட்கும். பத்து டிக்குக்கு ஆறு அடி. கட்டம் போட்ட தாளில் குண்டூசியை நகர்த்திக்கொண்டே வருவான்.

ரேடியோ ரிப்பேருக்கு வந்த ஒரு பாலிடெக்னிக் பிரின்சிபால் இதைக் கேட்டு அசந்துபோனார்.

“ஞாயித்துக்கிழமை நேர்ல காட்டுப்பா. சொன்னபடி ஓடுச்சுன்னா, சர்டிபிகேட் கெடக்கட்டும், லேப்ல உன்னைச் சேத்துக்கறேன். திங்கக்கிழமை கமிட்டிக்குப் பேரு அனுப்பணும்.”

கடைக்குள் இடம் போதாது. அதியமான்கோட்டையில் எங்கள் கேழ்வரகுக் களத்தில் சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். கச்சிதமாக வந்தது. ஆனால் புழுதி கிளம்பி கியருக்குள் போனது. அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

“பெரிய மனுசன் வர்றாரு. சாணி போட்டு மெழுகிடலாம் பாஷா. புழுதியும் அடங்கும், பாக்கவும் நல்லாருக்கும்.”

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விடியலில் என் மனைவி கண்ணம்மாள் களம் முழுக்க மெழுகினாள். பத்து மணிக்குப் பிரின்சிபால் வந்தபோது மேலே காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. வேட்டியைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் அன்வர் உட்கார்ந்தான். டிக், டிக் என்று சத்தம் வந்தது.

“இப்ப வேப்பமரத்துக்கிட்ட நிக்குதுங்க சார்!”

வண்டி கிளம்பிய இடத்திலிருந்து மூன்றடிகூடத் தாண்டவில்லை. ஈரச் சாணியில் சக்கரம் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெட்டிச் சுற்றுக்கும் ஒரு டிக். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் அவன் ஊசியை நகர்த்திக்கொண்டே இருந்தான்.

பிரின்சிபால் எழுந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“சார், தப்பு என்னுதுங்க. தரை ஈரமுங்க. நாளைக்கு ஒரு தடவ வந்து பாருங்க சார்.”

“நாளைக்கு லிஸ்ட் போயிடும்பா” என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

திங்கட்கிழமை களம் நன்றாகக் காய்ந்து கிடந்தது. அன்வர் கடையைத் திறக்காமல் வண்டியோடு வந்தான். திட்டியிருந்தாலாவது என் மனசு ஆறியிருக்கும். திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

“வேப்பமரம்... இப்ப கெணத்து மேடு... இப்ப மாட்டுக் கொட்டாய். சரிங்களாண்ணா?”

ஓரடிகூடப் பிசகவில்லை. பார்ப்பதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. நான் காய்ந்த சாணித் தரையைக் கால் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

“சரிங்களாண்ணா?” என்று மறுபடியும் கேட்டான்.