வெங்காயப் பாத்தியில் விழுந்த அம்புகள்

வில் பழக்குகிற வேலையில் எய்வது கால்வாசி. மிச்சம் முக்கால்வாசியும் போன அம்பைத் தேடுவதுதான். பாட்டோ தையலோ கணக்கோ, ஏதோ ஒன்றை மற்றவர்களுக்குப் பழக்கிக்கொண்டு சீவிக்கிற என் இனத்தவர்களே, உங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் வந்துபோன ஒரு பயிற்சியாளரிடம் நான் அம்பெய்யப் பழகினேன். கலியாணம் முடிந்து, மகளுக்கு நாலு வயதான பிறகு, சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கழகத்தில் பின்னேரங்களில் பழக்குவீரோ என்று கேட்டார்கள். ஓம் என்றுவிட்டேன்.

மூன்று வில், ஒரு வைக்கோல் இலக்கு, ஆறு பள்ளிக்கூடப் பிள்ளைகள். வில் மூன்றும் இரவல். அடுத்து வருகிற மாவட்டத் தெரிவுப் போட்டியில் எங்களில் ஒருவராவது ஆறு அம்பில் நாற்பது புள்ளி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வில்கள் வேறு கழகத்துக்குப் போய்விடும். வில் போனால் நான் எதைப் பழக்குவது? கல்லடிக்கிற கெற்றப்போலா?

பஸ்சுக்குக் காத்திருந்தவ

பிலோமினா அக்கா குருநகர். பகல் முழுக்கச் சுன்னாகம் சந்தையில் மீன் விற்றுவிட்டு, திரும்பிப் போகிற பஸ் வரும் வரைக்கும் எங்கள் மைதானத்து மர நிழலில் வெறும் மீன்பெட்டியோடு வந்து இருப்பா. முதல் கிழமை சும்மா பார்த்துக்கொண்டிருந்தா. இரண்டாம் கிழமை வாய் திறந்தா. "எடி பிள்ளையள், சுளகளவு வட்டம் கண்ணுக்கு முன்னாலை நிக்குது. அதிலை ஒண்டு குத்தேலாதோ?"

"அப்ப நீங்கள் வந்து குத்துங்கோவன் அக்கா" என்றேன் நான். எழும்பி வந்துவிட்டா! பிள்ளைகள் கை நடுங்க இழுக்கிற நாணை, அவ ஈர வலை இழுக்கிற மாதிரி ஒரே இழுவையில் கன்னம் வரைக்கும் கொண்டுவந்தா. அம்பு இலக்கின் இடப்பக்கத்தால் போய், வேலிக்கு மேலால் பாய்ந்து, தவம் அண்ணையின் வெங்காயத் தோட்டத்துக்குள் விழுந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அக்கா வில்லைப் பார்த்தா, வட்டத்தைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"பிள்ளை, நாளையிலையிருந்து எனக்கும் ஒரு இடம் வையும். உந்த வட்டம் என்னைப் பாத்துச் சிரிச்சுப் போட்டுது."

மூக்கைக் காட்டிய விரல்

இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தாலும் எல்லோருக்கும் ஒரு கண்தான் தலைமைக் கண். அம்பு அந்தக் கண்ணுக்கு நேரே கீழே நிற்க வேண்டும். வலக்கண்காரர் வலக்கையால் நாணை இழுக்க வேண்டும், இடக்கண்காரர் இடக்கையால். இதைக் கண்டுபிடிப்பது வலு சுகம், ஒரு நிமிச வேலை. நான் எதிரே நிற்பேன். பிள்ளை இரண்டு கண்ணும் திறந்தபடி என் மூக்கை நோக்கி விரலை நீட்ட வேண்டும். என் பக்கத்தில் இருந்து பார்த்தால் அந்த விரல் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும். அதுதான் தலைமைக் கண்.

ஏழு பேரையும் சோதித்துக் கொப்பியில் எழுதினேன். பிலோ அக்கா வலம். பிள்ளைகள் ஆறு பேரும் இடம். எனக்கே புதினமாக இருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேனே தவிர, கொப்பியில் ஏதோ இருக்கிறது என்று நினைக்கவில்லை. எங்களுடையது இரண்டு கைக்கும் பொருந்துகிற பழகு வில். ஆறு பேரையும் இடக்கையால் இழுக்கச் சொல்லிவிட்டேன். நாலாம் நாள் ஒரு பிள்ளையின் தாய் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தா.

"ரீச்சர், இவள் இப்ப சோத்தையும் இடக்கையாலை தின்னப் பாக்கிறாள். நான் வில்லுப் பழகத்தான் விட்டனான், வளர்ப்பைப் பழுதாக்க விடேல்லை."

ஒழுங்காகத் தப்பிய குறி

இலக்குக்குப் பின்னால் தவம் அண்ணையின் தோட்டம். இடப்பக்கம் வெங்காயம், வலப்பக்கம் மிளகாய். நாங்கள் எய்கிற நேரம் மனுசன் கிணற்றடிக்குப் போய் இருந்துவிடுவார். முடிந்தது என்று நான் கை காட்டினால், பாத்திகளுக்குள் இறங்கி அம்புகளைப் பொறுக்கி, வெங்காயப் பிடி கட்டுகிற மாதிரிக் கட்டிக்கொண்டு வந்து தருவார். கோபித்ததே இல்லை. ஒரு நாள் மட்டும், கட்டைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தெரிவுக்கு இன்னும் பதினைந்து நாள்தான். இலக்கில் குத்தின அம்புகளை எண்ண எனக்கு ஒரு கை விரல் போதுமாக இருந்த நாள் அது.

அம்புகளை இரண்டாகப் பிரித்து நிலத்தில் வைத்தார். ஒரு பக்கம் பிலோ அக்காவின் மஞ்சள் இறகு அம்புகள். மற்றப் பக்கம் பிள்ளைகளின் நீல இறகு அம்புகள்.

"பிள்ளை, எனக்கு உந்த விளையாட்டுத் தெரியாது, கண்டதைச் சொல்லுறன். மஞ்சள் எல்லாம் வெங்காயத்துக்கை, நீலமெல்லாம் மிளகாய்க்கை. ஒரு நாளெண்டாலும் மாறி விழேல்லை. குறி தெரியாதவை இவ்வளவு ஒழுங்காத் தப்பமாட்டினம்."

வளையல் கை

அடுத்த நாள் காலமை மகளை முன்பள்ளிக்கு வெளிக்கிடுத்திக்கொண்டிருந்தேன். வலம் இடம் பழக்குவதற்காக அவளுடைய வலக்கையில் ஒரு சிவப்பு வளையல் போட்டு விட்டிருக்கிறேன். அவளைக் கதிரையில் இருத்தி, எதிரே குந்தியிருந்து சப்பாத்துப் பட்டியை இறுக்கும்போதும் தவம் அண்ணை சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது. "எங்கை, அம்மாவின்ரை மூக்கைக் காட்டுங்கோ பாப்பம்" என்றேன். காட்டினாள். விரல் அவளுடைய ஒரு கண்ணுக்கு முன்னால் நின்றது. என் இடப்பக்கத்துக் கண். 'இடம்' என்று மனதுக்குள் எழுதிவிட்டேன்.

எழுதின பிறகுதான் வளையலைக் கண்டேன். அதுவும் என் இடப்பக்கத்தில்தான் கிடந்தது! எதிரே இருக்கிறவளுடைய வலம் எனக்கு இடம். இதை நாலு வயதுப் பிள்ளைக்கு வளையல் போட்டுப் பழக்குகிற நான், மைதானத்தில் ஏழு பேரையும் மாறி எழுதி வைத்திருக்கிறேன். ஆறு வலக்கண்காரிகளை இடக்கையால் இழுக்க விட்டு மிளகாய்க்கு அனுப்பினேன். உண்மையான ஒரே ஒரு இடக்கண்காரியை வலக்கையிலேயே விட்டு வெங்காயத்துக்கு அனுப்பினேன். "குஞ்சு, இது எந்தப் பக்கக் கண்?" என்று அந்தக் கண்ணைத் தொட்டுக் கேட்டேன்.

"வளையல் பக்கம். அம்மாவுக்கு வளையல் இல்லை, அதுதான் தெரியேல்லை."

மீன் கொடுக்கிற கை

அன்று பின்னேரம் எல்லோரையும் இருத்தி வைத்துப் பிழையைச் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டிச் சிரித்தார்கள். சோத்துக்கை திரும்பக் கிடைத்த சந்தோசம். பிலோ அக்காதான் சிரிக்கவில்லை. இனி அவ இடக்கையால் இழுக்க வேண்டும். தன் இடக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "இந்தக் கையாலை மீனை நீட்டினால் சனம் அடுத்த கடைக்குப் போயிடும், தெரியுமோ? நான் இதைப் பின்னுக்கு மறைச்சே பழகினனான்" என்றா.

பிறகு வில்லை வலக்கையில் மாற்றி, இடக்கையால் இழுத்தா. அம்பு வேலிப் பக்கம் போகவில்லை. வட்டத்தின் வெளிப்பக்கக் கறுப்பு வளையத்தில் போய் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பஸ்சை விட்டுவிட்டு அடுத்த பஸ்சில்தான் போனா. நான் மன்னிப்புக் கேட்டபோது பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னா:

"பிழை விடாத ஆள் ஆர், எனக்குக் கோவமில்லை. ஆனா உந்த வில்லு போச்சுதெண்டால், சுன்னாகம் சந்தையிலை உம்மடை பேரைச் சொல்லிச் சொல்லித்தான் மீன் வெட்டுவன்."

கோடு

தெரிவு நாள். பிள்ளைகள் வலக்கைக்குத் திரும்பி இரண்டு கிழமைதானே. நன்றாகத்தான் எய்தார்கள், ஆனால் ஆகக் கூடினது முப்பத்தாறு. கடைசியாகப் பிலோ அக்கா. ஐந்து அம்புக்கு முப்பத்துமூன்று. ஆறாவது சிவப்பு வளையத்தின் ஓரத்தில் குத்தினாலும் ஏழு, நாற்பது சரி. அதற்கு வெளியே நீலத்தில் குத்தினால் ஆகக் கூடினது ஆறு, வில் மூன்றும் மற்றக் கழகத்து வான் வண்டியில் ஏற வேண்டியதுதான்.

வலக்கையால் சிலுவை போட்டா. அதே கையால் வில்லை உயர்த்தினா. பின்னுக்கு மறைத்தே பழகின இடக்கையால், இரண்டு கண்ணும் திறந்தபடி நாணை இழுத்தா. எனக்குத்தான் இரண்டு கண்ணும் மூடிவிட்டது. திறந்து பார்த்தால், அம்பு சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில், சரியாகக் கோட்டில் நிற்கிறது. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நான் பக்கத்தில் நின்ற மகளின் கையை இறுக்கிப் பிடித்ததில் அவள் கத்திவிட்டாள். நடுவர் நிமிர்ந்தார். "கோட்டைத் தொட்டிருக்குது. தொட்டால் கூடின புள்ளிதான். ஏழு."

பிள்ளைகள் ஓடிப்போய் அக்காவைக் கட்டிப்பிடித்தார்கள். அவவோ ஒன்றும் நடக்காத மாதிரி அம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தா.

"தராசு முள்ளு நடுவிலை நிண்டால் வாங்க வந்தவளின்ரை பக்கம் விட்டுத்தான் நான் நிறுக்கிறனான் பிள்ளை. இண்டைக்குத்தான் எனக்கு ஒரு ஆள் அப்பிடி நிறுத்துத் தந்தது."

இப்போது வில் மூன்றும் எங்களிடமே இருக்கின்றன, தவம் அண்ணையின் மிளகாயும் தப்பிவிட்டது, புதிதாக யாரும் பழக வந்தால் மட்டும் கண் சோதிக்க முதல் நான் மகளின் வளையலை இரவல் வாங்கி, வந்தவரின் வலக்கை விரல்களில் மாட்டிவிடுகிறேன்.