இடக்கைக்கு ஒரு மடக்குக் கத்தி

கலா, மணி, செல்வி, மூன்று பேரும் கேளுங்கள். காரிமங்கலம் சந்தைக்கு அப்பா போய்வந்த கதையைச் சொல்லச் சொல்லி நச்சரிக்கிறீர்கள். வாயால் சொன்னால் மணி பாதியில் குறுக்கே பேசுவான். அதனால் எழுதிவிடுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன்தான். பிழை இருந்தால் கலா திருத்திக்கொள்ளட்டும்.

போன காரணம் உங்களுக்குத் தெரியும். வருகிற வாரம் தருமபுரியில் கலாவுக்கு டிராயிங் பரீட்சை. முனை மழுங்கினால் பென்சிலை அங்கேயே சீவிக்கொள்ள வேண்டும். உடைந்த பிளேடால் சீவிச் சீவி அவள் விரலை அறுத்துக்கொண்டாள், அதுவும் படம் வரைகிற இடக்கையில். இன்னொரு வெட்டு விழுந்தால் பரீட்சையே போய்விடும். ஆகவே ஜாமென்ட்ரி பாக்ஸுக்குள் அடங்குகிற, கனமில்லாத, ஆனாலும் அழுத்தினால் ஆடாத ஒரு மடக்குக் கத்தி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை இடக்கையால் திறக்க வர வேண்டும்.

காலை ஏழு மணி பஸ். கம்பைநல்லூரிலிருந்து காரிமங்கலம் ஒன்பது மைல் இருக்கும். சந்தை நாள் ஆனதால் கூரைமேல் கோழிக்கூடைகள், காலடியில் புளிமூட்டை, என் மடியில் பக்கத்துச் சீட்டுக்காரருடைய பூசணிக்காய். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே கேட்டார்.

"சந்தையில என்னங்க வாங்கப் போறீங்க?"

"மடக்குக் கத்திங்க. பொண்ணு பென்சில் சீவறதுக்கு."

"அதுக்கா இவ்ளோ தூரம்? நம்மூருல கெடைக்கலீங்களா?"

"கொடுவாளும் அருவாளுந்தானுங்க இருக்குது."

"அப்ப பென்சில கொஞ்சம் பெருசா வாங்கிக் குடுத்திருங்க!"

பஸ்ஸே சிரித்தது. பூசணிக்காய்க்காரரும் நன்றாகச் சிரித்தார்; காயை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வழியெல்லாம் செம்மண் கொல்லைகள். கேழ்வரகு முழங்கால் உயரம் வந்திருந்தது. எட்டு மணிக்கு முன்பே இறங்கிவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் போனதுதான் தப்பாகப் போயிற்று.

இரும்புச் சாமான் பரப்பியிருந்தவர் தருமபுரியிலிருந்து வரும் ஒரு பாய். கோணிமேல் களைக்கொத்து, கரண்டி, பாக்குவெட்டி. ஓரத்தில் ஒரு தகரத் தட்டில் பத்துப் பன்னிரண்டு மடக்குக் கத்திகள். உட்கார்ந்து ஒன்றை எடுத்தேன். கலா எப்படித் திறப்பாளோ அப்படியே, வலக்கையில் பிடியை வைத்துக்கொண்டு இடக்கை நகத்தால் அலகை இழுத்தேன். வரவில்லை. நகம் வைக்கிற பள்ளம் வலக்கைக்குத் தோதாக அலகின் மறுபக்கம் இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதைத் தொடுவதற்குள் பாய் கையை நீட்டித் தடுத்தார்.

"அண்ணா, இன்னும் போணியே ஆவல. பீச்சாங்கையால எல்லாத்தையும் தொட்டுப் போடறீங்களே!"

"கோவிச்சுக்காதீங்க பாய். பொண்ணுக்கு இந்தக் கைதான் பழக்கம். அது தொறக்கறாப்பல தொறந்து பாக்கணுமுங்க."

"சோத்தாங்கையில பழக்குங்க. காலங்காத்தால முதல் யாவாரம் இப்புடி ஆனா, சாய்ந்தரம் வரைக்கும் நான் ஈ ஓட்டிக்கிட்டு உக்காரணும். போயிட்டு அப்பறமா வாங்க."

தட்டை இழுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டார். சந்தையில் மடக்குக் கத்தி விற்பவர் அவர் ஒருவர்தான். வெறுங்கையோடு வந்து கலா முகத்தில் எப்படி விழிப்பது? எழ மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் களைக்கொத்து பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், தலையில் சும்மாட்டோடு, எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏன் பாய், போணி ஆவலன்னுதான வெரட்டறீங்க? இந்தக் கொத்தை நான் எடுத்துக்கறேன். இந்தாங்க காசு. சோத்தாங்கைதான், நல்லாப் பாத்துக்குங்க."

பாய் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"இப்பத் தொடுங்கண்ணா. ரெண்டு காலாலயும் வேணும்னாத் தொடுங்க!"

பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. தட்டு முன்னால் வந்தது. இத்தனைக்கும் அந்த அம்மாள் பேர்கூட நான் கேட்கவில்லை. கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அதன்பின் பாய் வேறு ஆளாகிவிட்டார். தானே ஒரு கத்தியை எடுத்து இடக்கையால் இழுத்துப் பார்த்தார். வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். வரவில்லை.

"அடேங்கப்பா! இருவது வருசமா விக்கறேன், இது சோத்தாங்கை ஆளுக்குத்தான்னு தெரியாமப் போச்சே. பாப்பா என்ன பண்ணும்?"

தட்டையே கவிழ்த்தார். அடியிலிருந்து ஒன்று வந்தது. கறுப்புக் கொம்புப் பிடி, என் சுண்டுவிரல் நீளம். பிடியின் நடுவில் பிறை மாதிரி வெட்டியிருந்ததால் அலகின் முதுகு வெளியே தெரிந்தது. நகமே வேண்டாம், இரண்டு விரலால் கிள்ளி இழுத்தால் எந்தக் கைக்கும் திறக்கும். இடக்கையால் கிள்ளினேன். 'டக்'கென்று நின்றது.

உங்களுக்கும் ஒருநாள் உதவும், கேட்டுக்கொள்ளுங்கள்: கத்தியைத் திறந்ததும் அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடினால் வேண்டாம். மூடும்போது பிடியின் முதுகில் இருக்கிற வில், அதாவது ஸ்பிரிங், இறுக்கமாக இருக்க வேண்டும். தொளதொளவென்று மூடினால் விரல்மேல் விழும். இது ஆடவில்லை. ஒரு மூங்கில் குச்சியைச் சீவினேன், சுருள் சுருளாக வந்தது. கனமோ, சட்டைப்பையில் போட்டால் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

விலை இரண்டே கால் ரூபாய். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று பாய் அதைக் கோணிமேல் வைத்தார். நான் இடக்கையால் எடுத்துக்கொண்டேன்.

"காசு மட்டும் சோத்தாங்கையால குடுங்கண்ணா," என்றார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. இரண்டு வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. கலாவைப் போலவே இடக்கையில் கத்தியைப் பிடித்து நறுக்கினேன். ஒரு துண்டு கனமாக, ஒரு துண்டு காகிதம் மாதிரி, இரண்டு துண்டு மண்ணில். மிச்சமிருந்ததைத் தோள்துண்டில் பரப்பி, வலக்கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக இடக்கையாலேயே எடுத்துத் தின்று முடித்தேன்.