தமிழ் மட்டும் தெரிந்த நாய்

நான் வேலை பார்க்கும் ஆங்கிலப் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் 'உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற நாய் எது?' என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். வரவேண்டிய விளம்பரம் கடைசி நேரத்தில் வரவில்லை. பக்கத்தை நிரப்ப வேண்டியிருந்தது. நாற்பது நிமிடத்தில் பத்துக் கேள்விகள் தயாரித்தேன். வீடு எவ்வளவு பெரியது, குழந்தைகள் உண்டா, முடி உதிர்ந்தால் பொறுத்துக்கொள்வீர்களா என்ற ரகம். அதுவரை நான் நாய் வளர்த்ததில்லை, அதற்குப் பிறகும் வளர்க்கவில்லை. பகல் முழுவதும் அந்த நாயோடு வீட்டில் இருக்கப்போவது யார் என்ற கேள்வி பத்தில் ஒன்றாகக்கூட இல்லை. அது விடுபட்டதை யாரும் கவனிக்கவில்லை. பக்கம் நன்றாக இருந்ததாக ஆசிரியர் சொன்னார்.

என் அண்ணன் அதை வெட்டி எடுத்து வைத்திருந்தான். அவன் மராத்தி மண்ணில், சாகண் என்ற ஊரில் ஒரு கார் தொழிற்சாலையில் இன்ஜினீயர். சாங்வியில் மூன்றாவது மாடியில் வீடு. காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப இரவு எட்டு ஆகும். மகளுக்குப் பதின்மூன்று வயது; பள்ளி, பிறகு டியூஷன். வீட்டில் இருப்பது மதினி மட்டும். அவள் ஆசிரியையாக இருந்த சிறிய பள்ளியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு பகலில் அவள் பேசுவது காய்கறிக்காரரிடமும் வாட்ச்மேனிடமும்தான், அதுவும் தென்காசி வாசம் போகாத இந்தியில். நாய் வேண்டும் என்று கேட்டது அவள்தான். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவள் தனக்கென்று கேட்ட பெரிய பொருள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"எனக்குத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏற முடியணும் தம்பி. அவ்வளவுதான்" என்றாள்.

என் பத்துக் கேள்விகளைவிட அது தெளிவாக இருந்தது. அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. என் கட்டுரையை மேசையில் விரித்து, ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தான். 'குடும்பத்தின் சுறுசுறுப்பு' என்ற இடத்தில் பத்துக்கு எட்டு. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிவரை தூங்குகிற மனிதன்.

அடுத்த ஞாயிறு சாகண் ரோட்டில் ஒரு பண்ணைக்குப் போனோம். ஏசி அறையில் மூன்று ஹஸ்கிகள் கிடந்தன. அவற்றின் மேல் ஈரத்துண்டு போட்டிருந்தார்கள். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஜாதியை, ஏப்ரல் மாத வெயிலில், துண்டு போட்டு விற்கிறவரையும் வாங்க வந்து வரிசையில் நிற்கிறவர்களையும் பார்த்தேன். இதில் நாய்தான் அறிவுள்ள தரப்பு என்று தோன்றியது. முன்னால் நின்ற தம்பதி, சோபாவின் நிறத்துக்கு எது பொருந்தும் என்று போனில் படம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அண்ணன் மகள் கோல்டன் ரிட்ரீவர் கூண்டின் முன் உட்கார்ந்து எழ மறுத்தாள். மதினி ஒரு மூலையில் இருந்த சிறிய பழுப்பு நாயைக் கையில் எடுத்து, எடை பார்ப்பதுபோல ஒருமுறை உயர்த்தி, இறக்கி வைத்தாள். அதன் விலையை யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் அண்ணனுக்கு ஞானம் வந்தது. அவன் அந்தப் பகுதித் தமிழர் மன்றத்தின் செயலாளர். வருடத்துக்கு ஒரு பொங்கல் விழா நடத்துவதும், விழாக் கணக்கில் சண்டை போடுவதும் அதன் வேலை.

"ஏல, நாம எதுக்குல வெளிநாட்டு நாய் வாங்கணும்? நம்ம நாட்டு நாயி, ராஜபாளையம். என்ன கம்பீரம் தெரியுமா? பிள்ளைக்கும் தமிழ் வரும்."

"நாய் வந்தா பிள்ளைக்கு எப்படித் தமிழ் வரும்?"

"அதுக்குத் தமிழ் மட்டும்தான தெரியும். வீட்டுல எல்லாரும் பேசித்தானே ஆகணும்!"

அவன் மகள் பின்சீட்டிலிருந்து, "அதுக்கு இந்தி சொல்லிக்குடுக்கலாம் பப்பா" என்றாள்.

"வாயை மூடு. அதுதான் கூடாதுங்கேன்."

இதை அவன் இந்தியில் ஓட்டுநரிடம் வழி சொல்லிக்கொண்டே சொன்னான். ராஜபாளையம் என்பது காட்டுப் பன்றியைத் துரத்த வளர்த்த வேட்டை நாய், வளர்ந்தால் மேசை உயரம் இருக்கும், ஓட நிலம் வேண்டும் என்று சொன்னேன். "நீ எழுதுனதுல அது இல்லையே" என்றான். உண்மைதான், இல்லை.

ஆகஸ்டில் குட்டி வந்தது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண். அனுப்பிய வளர்ப்புக்காரர் போனில், ஆறு மாதத்துக்குள் ஏதாவது குறை தெரிந்தால் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். அண்ணன் அதை ஒரு காருக்குத் தரும் வாரன்டியைப்போலப் பெருமையாகச் சொன்னான். ஒரு சோழ மன்னனின் பெயரை வைத்தான். வீட்டுக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினான்: 'நாயிடம் தமிழில் மட்டும் பேசவும்.' வேலைக்கு வரும் மராத்திப் பெண்ணுக்கு 'உட்கார்', 'எழு', 'வா' மூன்றும் கற்பிக்கப்பட்டன. அவள் சிரிக்காமல் கற்றுக்கொண்டாள். சம்பளத்தில் சேராத வேலை என்பதால் அவளுடைய பொறுமையை நான் மதித்தேன்.

குட்டி சீக்கிரம் வளர்ந்தது. இரண்டே மாதத்தில் மதினியால் அதைத் தூக்க முடியவில்லை. ஆனால் அவள் காலை ஐந்தரைக்கு அதை மைதானத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே நடக்கவரும் பெண்கள் நாயைப் பற்றி விசாரிக்க, அவள் பதில் சொல்ல, சாங்வியில் அவளுக்கு முதல்முறையாக நான்கு பேரைத் தெரிந்தது. நான் போகும்போதெல்லாம் அவள் குரலில் ஒரு தெம்பு இருந்தது. வீட்டில் வேறு எதுவும் மாறியிருக்கவில்லை.

தீபாவளியன்று போனேன். குடியிருப்பே வெடித்துக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு லாப்ரடாரைக் குளியலறையில் பூட்டியிருந்தார்கள். அதன் அழுகை மாடிவரை கேட்டது. எங்கள் மன்னர் பால்கனிக் கதவருகே நீட்டிப் படுத்துத் தூங்கினார். அடுத்த பால்கனியில் சரவெடி வைத்தார்கள். காது மடல்கூட அசையவில்லை.

"பாத்தியால? வேட்டை ரத்தம். பயம்னா என்னன்னே தெரியாது" என்றான் அண்ணன். மன்றத்துக் குழுவுக்கு அதை வீடியோ எடுத்து அனுப்பினான்.

இருபது வருடம் செய்தி திருத்துகிற தொழிலில், நம்ப முடியாத வாக்கியத்தைப் பார்த்தால் ஒருமுறை நின்றுவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. அண்ணன் பட்டாசு வாங்கக் கீழே இறங்கியதும் நாயின் பின்னால் போய் நின்று இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டினேன். அது தூங்கிக்கொண்டேயிருந்தது. சமையலறை வாசலில் மதினி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்காது தம்பி" என்றாள். "பொறப்புலயே கேக்காது போல. குக்கர் விசில் அடிச்சா அசையல. தட்டு கீழ விழுந்துச்சு, அசையல. நான் தரையில கால வச்சு அழுத்தி நடந்தா மட்டும் முழிச்சுக்கிடுதான்."

காலைத் தரையில் அழுத்தி வைத்தாள். நாய் விழித்து எழுந்து அவளைப் பார்த்தது. வலது கையை விரித்துத் தரையை நோக்கி இறக்கினாள். நாய் உட்கார்ந்தது. இரண்டு விரலை மடக்கினாள். அவளிடம் வந்தது. மகளும் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "பப்பாவுக்கு மட்டும்தான் மாலூம் நஹி, சித்தப்பா" என்றாள். அம்மாவும் மகளும் ஆறு வாரத்தில் ஒரு சைகை மொழி உண்டாக்கியிருந்தார்கள். வாரம் ஒரு நாள்கூட முழுதாக நாயோடு இருக்காத குடும்பத் தலைவருக்கு அது தெரியவில்லை.

"அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மாத்திக்கிட்டு வந்துருவாக. பிப்ரவரி பத்தாம் தேதி வரைக்கும் மாத்தித் தருவானாம். நீங்க சொல்லிராதீங்க."

மறுநாள் அலுவலகத்திலிருந்து அந்த வளர்ப்புக்காரருக்குப் போன் செய்தேன். பெயரைச் சொல்லாமல், காது கேட்காத குட்டிகள் பிறப்பதுண்டா என்று கேட்டேன். "வெள்ளையில சிலதுக்கு அப்படி வரும் சார்" என்றார். திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "அதை வச்சுக்கிட மாட்டோம்" என்றார். அந்தச் சொல்லுக்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய இடம் அது. பத்திரிகைக்காரனாக அங்கே நான் தோற்றேன், ஆனால் மதினியிடம் அதைச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. அன்றிலிருந்து காலண்டரில் நாள் எண்ணத் தொடங்கினாள்.

ஜனவரியில் பொங்கல் விழா. குடியிருப்பின் சமூகக்கூடத்தில் நூறு நாற்காலி, கரும்பு, ஒலிபெருக்கி. நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக அச்சிட்டிருந்தார்கள்: 'தமிழுக்கு மட்டுமே கட்டுப்படும் வீரநாய்'. அதற்கு முன் ஆடிய குழந்தைகளில் ஒருத்திக்குக்கூடத் தான் ஆடிய பாட்டின் பொருள் தெரியாது. மேடைக்குப் பின்னால் அவர்கள் மராத்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மதினி முதல் வரிசையில் நடு நாற்காலியைக் காலையிலேயே பிடித்து வைத்திருந்தாள். அண்ணன் வேட்டி கட்டி ஒலிவாங்கியோடு நின்றான். "உட்கார்!" என்றான். நாய் அவனைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் ஒரு கை மடியிலிருந்து சற்று உயர்ந்து இறங்கியது. நாய் உட்கார்ந்தது. "எழு!" நாய் எழுந்தது. "வணக்கம் சொல்!" நாய் முன்காலைத் தூக்கியது. கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. தன் தாய்மொழியின் ஆற்றலைக் குறித்து அண்ணன் இரண்டு நிமிடம் பேசினான்.

அப்போது சிறப்பு விருந்தினர் எழுந்தார். ஆயுதத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர், மன்றத்தின் முன்னாள் தலைவர். அண்ணன் செயலாளர் ஆனது அவருக்குப் பிடிக்காது.

"செயலாளர் சொன்னா செய்யுது, சரி. வேற தமிழன் சொன்னாலும் செய்யணும்ல? நான் கூப்பிடுதேன்."

மேடையின் பின்பக்கம் போய், நாயின் முதுகுக்குப் பின்னால் நின்று, "இங்க வா!" என்றார். நாய் திரும்பவில்லை. "வாடே!" என்று கத்தினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணனின் முகம் வெளுத்தது. பிப்ரவரி பத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது.

மதினி எழுந்தாள். யாரையும் பார்க்காமல், மேடையின் பின்பக்கம் வைத்திருந்த குத்துவிளக்கின் திரியைத் தூண்டப் போவதுபோல நடந்து, விருந்தினரின் பக்கத்தில் போய் நின்றாள். நாயின் கண் அவளோடு திரும்பியது, பிறகு தலை, பிறகு உடம்பு. இரண்டு விரலை மடக்கினாள். நாய் நேராக விருந்தினரின் வேட்டியில் வந்து மோதி நின்றது. கூடம் அதிர்ந்தது. விருந்தினர் அதன் தலையில் கைவைத்து, ரத்தம் ரத்தம்தான் என்றார். அவருக்கும் அண்ணனுக்கும் அன்று சமாதானம் ஆனது. நூறு நாற்காலியில் இருந்த ஒருவருக்கும் அந்த நாய் எங்கே பார்க்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. பார்வையாளர்கள் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் கொஞ்சம் யோசித்தே எழுதுகிறேன்.

பிப்ரவரி பத்து கழிந்த ஞாயிறு மதியம் சாப்பிட வரச் சொன்னாள். போனேன். சோறு, மீன் குழம்பு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்:

"நாயிக்குக் காது கேக்காதுங்க. பொறந்ததுலேர்ந்தே."

அண்ணன் ஒரு மீன் முள்ளை வாயிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். என்னைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். இரண்டு பேர் முகத்திலும் ஆச்சரியம் இல்லாததைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவன் இன்ஜினீயர்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றான்.

மகள் தண்ணீரைச் சிந்தினாள்.

"என்னைக்கு?" என்றாள் மதினி.

"வந்த அன்னைக்கே. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல. மாத்திக்கிட்டிருக்கலாம். பாவம், வாயில்லா ஜீவன்னு விட்டேன்."

கோபப்படுவான், வளர்ப்புக்காரருக்குப் போன் போடுவான் என்று எதிர்பார்த்து, தேதி முடிந்த செய்தியை எடுத்துக்காட்டத் தயாராக வந்திருந்தேன். தேவைப்படவில்லை. நாயைக் காப்பாற்றியவனாகவே அவன் தன்னை மாற்றிக்கொண்டுவிட்டான். இனி அதை விரட்ட அவனாலேயே முடியாது. மதினிக்கும் அது புரிந்திருக்க வேண்டும். மாதக்கணக்காக அவள் தோளில் இருந்த விறைப்பு கண்முன்னே இறங்கியது.

"அப்பச் சரி" என்றாள். "கூப்பிடுங்க, வருதான்னு பாப்போம்."

அண்ணன் இடது கையை உயர்த்தினான். கம்பெனி பஸ்ஸை நிறுத்துகிற கை அது. நாய் அந்தக் கையைச் சிறிது நேரம் பார்த்தது. பிறகு மதினியைப் பார்த்தது. அவள் கையில் கரண்டி இருந்தது, அதை அசைக்கவில்லை.

"பழக்கணும்ல" என்றான். "கொஞ்ச நாள் ஆகும்."

"ஆகும். எனக்கு ஆறு வாரம் ஆச்சு" என்றாள் மதினி. "கையை இறக்குங்க, ரசம் ஊத்துதேன்."