மைதாப் பசை

வேலை தேடிப் பெருந்துறைக்குப் போவதற்காகப் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். நரைத்த கொண்டையும் தோளில் துணிப்பையுமாக ஓர் அம்மாள், சுவரில் தண்ணீர் தெளித்து ஒரு போஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மனித உரிமைச் சங்கத்தின் ஆண்டுவிழாப் போஸ்டர். நடுவில் ஒரு பெண்ணின் சிரித்த முகம்.

“ஏனுங்க, கை எட்டல. மேல கொஞ்சம் கிழிச்சுக் குடுங்க.”

“சங்கத்துக்கு எதிரியா நீங்க?”

“ஒட்டுனதே நாங்கதானுங்க. ஏணி கொண்டாந்து கூட்டமா ஒட்டுனோம். கிழிக்க நான் மட்டும். பசையும் நானே காச்சுனது, வரமாட்டீங்குது பாருங்க.”

போஸ்டரில் இருப்பது, ஒரு மில்லில் அடைத்து வைத்திருந்த பெண்ணாம். சங்கம் கேஸ் போட்டு மீட்டிருக்கிறது.

“வருசம் பூரா அலைஞ்சதுல செயிச்சது இது ஒண்ணுதானுங்க. அந்தச் சந்தோசத்துல படத்தப் போட்டுட்டோம். புள்ள அப்பறம் வேறொரு மில்லுல சேந்திருந்துச்சு. போஸ்டரப் பாத்துட்டு, சங்கத்து ஆளு வேண்டாம்னு நிறுத்திப்போட்டாங்க.”

“போடலாமான்னு அதுகிட்டக் கேட்டீங்களா?”

சுரண்டுவதை அவர் நிறுத்தவில்லை. “கேக்கோணும்னே தோணலீங்க. நம்ம புள்ளதானேன்னு இருந்துட்டோம்.”

மேலே எட்டிக் கிழித்துக் கொடுத்தேன். எழுத்திருந்த துண்டுகளைக் கீழே போட்டவர், முகமிருந்த துண்டுகளை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

என் பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். அடுத்த சுவரடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் கை எட்டாத உயரத்தில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.